"எனக்கு ஒன்றுமில்லை!"



மௌத்தான வீட்டிற்குச் சென்று அமர்ந்திருக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவரில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவரில்லை!" இறந்தவரைப் பெருமைப்படுத்துவதற்காகச் சொல்லப்படும் சொல் இது. சுற்றியிருப்போரும் ஆமாம் என்று தலையசைப்பார்கள். அந்தப் பாராட்டைச் சற்றே உரசிப் பார்த்தால், அதற்குள் ஒரு வேதனையான செய்தி ஒளிந்திருப்பது புலப்படும். வாசலை மிதித்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் நம்மோடு இருந்திருப்பாரோ என்பதே அந்தச் செய்தி.

2019ஆம் ஆண்டில் என் பெரியத்தா காலமானபோது நானும் அந்தச் சொல்லைச் சொன்னவன்தான். பதினெட்டு ஆண்டுகள் சவூதியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, சிறியதொரு மளிகைக் கடை வைத்திருந்தார். அன்று காலை கடையில் நெஞ்சை அடைப்பதுபோல் இருந்திருக்கிறது. "வாயுப் பிடிப்புத்தான்" என்று சொல்லி ஒரு கோலி சோடா வாங்கிக் குடித்தார். வியர்த்துக் கொட்டியது. வெயில் என்றார். பெரியம்மா பதறி, ஆட்டோ அழைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "எனக்கு ஒன்றுமில்லை, லுஹர் தொழுதுவிட்டுப் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. லுஹர் பாங்கு சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அறியாமையால் நேர்ந்த இழப்பு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். நாற்பது நாள் கழித்துக் கடைக் கணக்கைச் சரிபார்க்க அமர்ந்தபோது, கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் நான்காக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. 2017இல் மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக ஒரு கண் சிகிச்சை முகாமுக்குப் போயிருந்தவருக்கு, அங்கேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் 180/110. வெறும் வயிற்றில் சர்க்கரை 236. 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்கள். அது அவருடைய கடைசி மகளின் நிக்காஹ் நடந்த ஆண்டு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் அந்தத் தாளின் மேல் நாள்தோறும் காசை எண்ணிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்!

அந்தத் தாளைப் பார்த்த நாள் முதல் என்னை விடாமல் தொடரும் கேள்வியைத்தான் இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவிலும் மருத்துவரைத் தேடி ஓடுகின்ற ஆண்மகன், தன் உடலுக்கென்று வரும்போது ஏன் இப்படி ஒளிந்துகொள்கிறான்?

அறிகுறி இருந்தும் போகாதவர்கள்

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2016–20ஆம் ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கின்படி, நம் நாட்டில் பிறக்கும் பெண்ணின் சராசரி ஆயுட்காலம் 71.4 ஆண்டுகள். ஆணுக்கோ 68.6 ஆண்டுகள். உடலமைப்பு, புகைப்பழக்கம், விபத்து எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. வந்த நோயைக் காலங்கடந்து காட்டுவதும் அவற்றுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

2019–21இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயதைக் கடந்த ஆண்களில் 24 விழுக்காட்டினர் மிகை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அல்லது அதற்கு மருந்து உண்பவர்கள் என்று தெரியவந்தது. அதாவது நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என மதிப்பிட்டது. இவ்விரு நோய்களுக்கும் பொதுவான ஒரு தீய குணம், தொடக்கத்தில் வலிக்காமல் இருப்பதுதான். வலித்தால்தான் நோய் என்று எண்ணும் மனிதனை, வலியின்றி உள்ளிருந்தே அரிப்பவை இவை. இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் பழுதடைந்த பிறகுதான் பலருக்கு விழிப்பு வருகிறது.

'பணமில்லாததால் போவதில்லை' என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் விளக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 2019–21இல் நடந்த தேசியக் காசநோய் ஆய்வு சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். நாள்பட்ட இருமல் போன்ற அறிகுறிகள் இருந்தும் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரையும் நாடவில்லை. காரணம் கேட்டபோது, அவர்களுள் 68 விழுக்காட்டினர் அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்றனர். செலவைக் காரணமாகச் சொன்னவர்கள் 2 விழுக்காட்டினரே! ஆண், பெண் இருபாலரையும் சேர்த்த கணக்கு இது. எனினும் அந்நோய் பெண்களைவிட ஆண்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. ஆகவே, பூட்டு பணப்பையில் மட்டும் இல்லை, மனத்திலும் இருக்கிறது. அந்தப் பூட்டுகளைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

பழக்கமில்லாத வாசல்

ஒரு பெண் மணமாகி முதற்குழந்தையைச் சுமக்கும்போதே மருத்துவமனைக்குப் பழக்கப்பட்டுவிடுகிறாள். மாதந்தோறும் எடை பார்க்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் தடுப்பூசிக்காகப் போய் வருகிறாள். செவிலியரின் பெயர் அவளுக்குத் தெரியும். சீட்டு எழுதும் இடம் தெரியும். தன் உடலைப் பற்றிப் பிறரிடம் பேசும் சொற்களும் அவளுக்கு வசப்பட்டிருக்கும்.

ஆணுக்கு அப்படியொரு வாசல் இல்லை. பள்ளிப் பருவத்துத் தடுப்பூசிக்குப் பின், நாற்பது, ஐம்பது வயதில் ஏதேனும் ஒன்று முற்றும் வரையில் அவனை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவோ காலை நேரத்தில் இயங்குவது. அது கடை திறக்கும் நேரம்; கூலிக்குப் புறப்படும் நேரம். ஒரு நாள் சம்பளத்தை இழந்து வரிசையில் நிற்பதைவிட, மருந்துக் கடைக்காரரிடம் இரண்டு வலி மாத்திரை வாங்கி விழுங்குவது அவனுக்கு எளிதாகிவிடுகிறது. நாள்கணக்கில் இப்படி விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியவை என்பதை அவன் அறிவதில்லை.

சோதனை என்றால் தீர்ப்பு

நம் சமுதாயத்து ஆண்களுக்கு இதனோடு இன்னொரு பாடமும் சேர்ந்துகொண்டது. சபராளிகளின் குடும்பங்களில் 'மெடிக்கல்' என்ற சொல்லுக்கு உள்ள பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். 'ஃபிட்' என்று வந்தால் பயணம். 'அன்ஃபிட்' என்று வந்தால் வட்டிக்கு வாங்கிய பணமும் போயிற்று, வாழ்வும் போயிற்று. எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு ஒன்று நுரையீரலில் தெரிந்ததற்காகவே திருப்பப்பட்டவர்கள் உண்டு. தம்முடைய நண்பர் ஒருவருக்கு அப்படி நேர்ந்ததைப் பெரியத்தா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இருபது வயதில் இப்படிக் கற்ற பாடம் ஐம்பது வயதிலும் மறப்பதில்லை. பரிசோதனை என்பது நோயைக் கண்டு தீர்ப்பதற்கான வழி என்று அந்த மனிதருக்குத் தோன்றுவதே இல்லை. அது அவருடைய சம்பாத்தியத்தின் மேல் எழுதப்படும் தீர்ப்பு. எழுதாத தீர்ப்பு நிறைவேறாது என்ற நம்பிக்கையில் அவர் விலகியே நிற்கிறார். பெரியத்தாவும் அந்தத் தாளை அப்படித்தான் மடித்து வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. மகளின் நிக்காஹ் முடியட்டும், சீர்க் கடன் அடையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். குடும்பத்துக்காகவே மறைத்தார். இழந்ததோ அந்தக் குடும்பம்தான்!

சொல்லக் கூசும் நோய்கள்

மூலம், சிறுநீர்க் கோளாறு, இல்லற வாழ்வில் ஏற்படும் தளர்ச்சி ஆகியவற்றை ஆண் தன் மனைவியிடமும் சொல்வதில்லை. வயதான காலத்தில் இரவில் நான்கைந்து முறை எழுந்து போவது முதுமையின் இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். அது புராஸ்டேட் சுரப்பி வீக்கமாக இருக்கலாம். சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. இல்லறத் தளர்ச்சியைப் பொறுத்தவரை, அது சில வேளைகளில் இதய நோயின் முன்னறிவிப்பு என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். சிறிய இரத்தக் குழாய்களில் முதலில் தோன்றும் அடைப்பு, பின்னர் இதயத்தின் குழாய்களிலும் தோன்றக்கூடும். இதை உணராமல், நகரத்து விடுதிகளில் மாதம் ஒருமுறை முகாமிடும் இரகசிய வைத்தியர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிறவர்கள் எத்தனை பேர்! முறையான மருத்துவரிடம் ஐந்து நிமிடம் பேசக் கூசியதன் விலை அது.

வாயின் உள்ளே ஆறாமல் நிற்கும் புண்ணையும் இதே கூச்சத்தால் மறைப்பவர்கள் உண்டு. புகைத்ததும் புகையிலை மென்றதும் வீட்டில் தெரிந்துவிடுமே என்ற அச்சம். இந்திய ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதையும், தொடக்கத்திலேயே கண்டால் அதைக் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மனத்தில் இருத்துங்கள்.

தவக்குலும் தட்டிக்கழித்தலும்

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பது நம்மவர் பலரின் கடைசி விடை. தவக்குல் நம் ஈமானோடு சேர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்கச் சொன்ன நபிமொழி நாம் அறியாததன்று. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதையும் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கடைக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு வருகிறவர், உடலை மட்டும் திறந்து போட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது சரிதானா? எண்ணிப் பாருங்கள்.

ரமளான் நெருங்கும்போது இன்னொரு அச்சமும் சேர்ந்துவிடுகிறது. மருத்துவரிடம் போனால் நோன்பு வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சியே சர்க்கரை நோயாளிகள் சிலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். மாத்திரையைத் தாமே நிறுத்துவோரும் உண்டு. ஊசி மருந்தைப் பழைய அளவிலேயே போட்டுக்கொள்வோரும் உண்டு. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் 13 நாடுகளில், 12,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் 2001ஆம் ஆண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2004இல் வெளியாயிற்று. மற்ற மாதங்களைவிட ரமளானில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும் நிகழ்வுகள் பல மடங்கு கூடியதை அது காட்டியது. மருத்துவரை முன்கூட்டியே கண்டால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தந்து பலரைப் பாதுகாப்பாக நோன்பு நோற்கச் செய்ய முடியும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே போவது நல்லது. நோற்க இயலாத நிலை என்றால், நோயாளிக்கு மார்க்கமே தந்திருக்கும் சலுகையை ஏற்பதில் இழிவு என்ன இருக்கிறது?

நாம் செய்ய வேண்டியது

'போங்கள், போங்கள்' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம் என்று சகோதரிகள் சொல்வது கேட்கிறது. அறிவுரை மட்டும் போதாது என்பது உண்மைதான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்து, 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. மிகை இரத்த அழுத்தத்தால் பெரிதும் தாக்கப்படும் கறுப்பின ஆண்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஆனால் முடிவெட்டும் கடைக்குத் தவறாமல் போவார்கள். எனவே 52 முடிதிருத்தகங்களில் 319 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு, முடிதிருத்துபவர் மருத்துவரைப் பார்க்கும்படி எடுத்துச் சொன்னார். மற்றொரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் அந்தக் கடைக்கே வந்து அழுத்தம் பார்த்து, மருந்தும் அளித்தார். ஆறு மாதத்தில், சொல்லிவிட்ட பிரிவில் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி குறைந்தது. தேடிவந்து கவனித்த பிரிவிலோ 27 புள்ளி குறைந்தது!

நம் தமிழகத்திலும் இவ்வழி தெரியாததன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுகளுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும்தானே! வேலைக்குப் போன ஆணை எங்கே பிடிப்பது? 2024இல் தொழிலிடங்களுக்கே சென்று சோதிக்கும் ஏற்பாடும் வந்தது. பெரிய ஆலைகளுக்கு இது சரி. நம் கடைத்தெருச் சிறு வணிகரையும், தச்சரையும், ஆட்டோ ஓட்டுநரையும் ஒருசேரக் காணும் இடம் எது?

ஜும்ஆ நாளில் பள்ளிவாசலே அந்த இடம். தொழுகை முடிந்ததும் வெளி மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் போதும். மஹல்லாவில் செவிலியரோ மருந்தாளுநரோ இல்லாமலா போய்விடுவர்? மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போதும். இமாம் அவர்களும் முத்தவல்லி அவர்களும் முதலில் அந்த நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டட்டும். கூச்சம் தானே கலையும். 140/90க்கு மேல் காட்டினால் பெயரைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவரை யாரேனும் ஒருவர் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், அது எங்கே போய்ச் சேரும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

நெஞ்சு வலி பற்றி ஒரு சொல். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் சோடாவும் ஓமத் தண்ணீரும் வேண்டா. சர்க்கரை நோயாளிக்கு வலியே இன்றியும் மாரடைப்பு வரலாம். இதயக் குழாயை அடைத்த இரத்தக் கட்டி நீங்கும் வரை ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிந்துகொண்டே இருக்கிறது. 108க்கு அழையுங்கள். 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. வாயுவாகவே இருந்துவிட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் திரும்பி வரலாம். அதில் அவமானம் ஏதுமில்லை.

சகோதரிகளே, பிள்ளைகளே! "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று அவரிடம் கேட்காதீர்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்பதைத் தவிர வேறு விடை வராது. வேறொரு வழி சொல்கிறேன். பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாதந்தோறும் பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போனவர் பெரியத்தாதான். மனைவியின் கோப்பைக் கையில் பிடித்தபடி மணிக்கணக்கில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். மருத்துவரின் அறைக்கும் அவருக்கும் இடையே ஒரு கதவுதான் இருந்தது. அந்தக் கதவைத் தாண்டி அவரையும் உள்ளே அழைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறைத்தது அவர் பிழை என்றால், தேடாதது எங்கள் பிழை.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். சம்பாதிக்கும் உடலாக இருப்பதால் அது அமானிதம் இல்லாமல் போய்விடாது. உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒருவர் இப்படிக் கோப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கக்கூடும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டு டோக்கன் வாங்குங்கள். இரண்டாவதை அவர் பெயருக்கு வாங்குங்கள். கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை.